எட்டு நூல்

வெலிங்பரோ, இங்கிலாந்து
9 அக்டோபர் 1994

அன்புள்ள நாறும்பு,

நாலு மாதமாக நான் கடிதம் போடாததற்கு நீ திட்டி எழுதியது கிடைத்தது. திட்டு முழுவதையும் படித்தேன். அதில் ‘பிஸி’, ‘ஃபாரின்’ என்று இரண்டு இங்கிலீஷ் சொற்கள் இருந்தன. சென்னையில் வேலைக்கான நேர்முகத்தில் இங்கிலீஷ் வராமல் நாம் இரண்டு பேரும் விழித்துவிட்டு, திரும்பி வந்த ரயிலில் செய்த ஒப்பந்தம் பதினைந்து வருஷம் கழித்தும் அமலில்தான் இருக்கிறது. நமக்குள் எழுதும்போது பட்டறையில் புழங்கும் சொல்லுக்கு விலக்கு. வேறு இங்கிலீஷ் சொல் வந்தால், சொல்லுக்கு ஒரு குட்டு, மண்டையில். உனக்கு இரண்டு. ஊருக்கு வரும்போது தருகிறேன்.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குச் சரியாக எழுதியதே இல்லை. பதினோரு பேர் வேலை பார்க்கும் கொட்டகை இது. பந்தயக் கார் கட்டுகிறோம். பிரான்சில் ஒரு பந்தயம் நடக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை, இருபத்து நாலு மணி நேரம் ஓட வேண்டும். அதில் வேகம் மட்டும் போதாது. பெட்ரோல் போடக் குறைவாக நிற்கிறவன்தான் ஜெயிப்பான்.

ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடிக்கிறார்கள். காரின் ஓட்டம் அத்தனையும் சூடாகிக் காற்றில் போகிறது. பிரேக் தட்டு கொல்லன் உலை இரும்பு மாதிரி சிவந்ததை நானே பார்த்தேன். அவ்வளவும் பெட்ரோல், நாறும்பு. அதைப் பிடித்துவைக்க எங்கள் காரில் ஒரு சக்கரம் வைக்கப் போகிறோம். பிரேக் பிடிக்கும்போது காரின் ஓட்டம் மின்சாரமாகி அந்தச் சக்கரத்தைச் சுழற்றும். வளைவு தாண்டியதும் சக்கரத்தின் சுழற்சி மறுபடி மின்சாரமாகிக் காரைத் தள்ளும். வீணாய்ப் போவதை ஒரு நிமிஷம் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான் யோசனை.

இப்போது இருக்கும் சக்கரம் முழுக்க இரும்பு. அதன் எடையே காரைத் தின்கிறது. நான் சொல்வது பாதி எடைச் சக்கரம்: நடுவே அலுமினியம், விளிம்பில் கண்ணாடியை உருக்கி இழுத்த நூல். முதலாளி பெல்லமி கேட்டுவிட்டு, “சுழற்றிக் காட்டு, பிறகு பேசு” என்றார். சுழற்ற இடம் தர மாட்டார். ஜனவரி முதல் வாரம் முடிவெடுப்பார். அதற்குள் என் கையில் கணக்கு இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்றிவிடுவார். சக்கரத்துக்காக எடுத்த என்னையும்.

உன்னிடம் லேத் இருக்கிறது. உன் கையைவிட நல்ல கை இங்கே பதினோரு பேரில் யாருக்கும் இல்லை. சின்ன அளவில் ஒன்று செய்து சுழற்றிப் பார்த்துத் தருவாயா?

அப்பாவைப் பார்த்தால், நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

உன்,
பாக்கியம்

*

பாளையங்கோட்டை
24 அக்டோபர் 1994

அன்புள்ள பாக்கியம்,

குட்டு இரண்டும் பாக்கி இருக்கட்டும். உன் கடிதத்தில் ‘பெல்லமி’ என்று ஒரு சொல் இருக்கிறது. அது பட்டறையில் புழங்குவதில்லை. ஆள் பெயர் என்பதால் விடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு உன் அப்பா இங்கேதான் இருந்தார். பஸ் பாடி கட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் பத்து மணிக்கு வந்துவிடுகிறார். காதில் பென்சில், பையில் மடக்கு அளவுகோல். என்னிடம் வேலை இல்லாத நாளில்கூட எதையாவது அளந்துகொண்டிருக்கிறார். போன வாரம் என் மேஜையை அளந்து, “ஒரு காலு ரெண்டு நூல் கொறச்சல்லே, அதான் ஆடுது” என்றார். உண்மைதான், கால் அங்குலம் குறைச்சல்.

உன் கடிதத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். பிரேக் விஷயம் வந்ததும் நிறுத்தச் சொல்லி யோசித்தார்.

“ஏலே நாறும்பு, பிரேக்கு போட்டா அதைச் சேத்து வச்சுக்கிட்டு பொறவு ஓடுமாமே? நம்ம டிரைவர் பிச்சைக்கண்ணு போட்ட பிரேக்கை எல்லாம் சேத்து வச்சிருந்தா ஏரல் பஸ்ஸை இன்னும் பத்து வருசம் சும்மாவே ஓட்டலாமே!”

“அதுல பாதி, எதுக்க வந்த மாட்டுக்குப் போட்டது” என்றேன்.

“எதுக்குப் போட்டா என்னவே? பிரேக்கு பிரேக்குதான்.”

அரை மணி நேரம் சிரித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வேலை போயிரும்னா எழுதிருக்கான்?” என்று கேட்டார். நான் மழுப்பினேன். அவர் நம்பவில்லை.

செய்கிறோம். ‘செய்கிறேன்’ என்று எழுதினால் அவர் விட மாட்டார். அளவு எழுது. கண்ணாடி நூலுக்கு குலசேகரன்பட்டினத்தில் சேக் முகம்மது அண்ணாச்சி இருக்கிறார். படகு ஒட்டுப்போடுகிறவர்.

மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் சிவப்பாகப் போகிறது.

நாறும்பூநாதன்

*

வெலிங்பரோ
6 நவம்பர் 1994

அன்புள்ள நாறும்பு,

அவசரத்தில் எழுதுகிறேன். பெல்லமி தேதியை இன்னும் முன்னால் இழுத்துவிடுவார் போலிருக்கிறது. அளவு இதுதான். வேறு எதுவும் யோசிக்காதே.

நடு உருளை: அலுமினியம், விட்டம் பன்னிரண்டு அங்குலம், அகலம் மூன்று.

விளிம்பின் மேல்: கண்ணாடி நூல், எட்டு நூல். இழுத்துப் பிடித்துச் சுற்று. பிசின் எல்லா இடமும் நனைய வேண்டும்.

சுற்றி உறை: இரும்புத் தகடு, நாலு நூல். வளைத்துப் பற்றவைத்தது. அதைச் சுற்றி மணல் மூட்டை.

பம்புசெட் மோட்டாரிலிருந்து இரண்டு கட்டமாகக் கப்பி போட்டால் நிமிஷத்துக்குப் பதினான்காயிரம் சுற்று வரும். பைய ஏற்று. ஆயிரம் ஆயிரமாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிஷம் வைத்துப் பார். பதினான்காயிரத்தில் பத்து நிமிஷம் நின்றால் போதும். அந்த எண்ணை எழுதி அனுப்பு. நான் பெல்லமியின் மேஜையில் வைப்பேன்.

சுவிட்சு இருபது அடி தள்ளி இருக்கட்டும். யாரும் அருகில் போக வேண்டாம்.

பாக்கியம்

*

பாளையங்கோட்டை
30 நவம்பர் 1994

அன்புள்ள பாக்கியம்,

எட்டு நூல் கனமும் சுற்றி முடித்தாயிற்று. ஐந்து நாள் பிடித்தது.

சேக் முகம்மது அண்ணாச்சி சரக்கோடு தானும் வந்துவிட்டார். சுற்றுவதைப் பார்த்துவிட்டு, “படகுக்கே இம்புட்டு கனம் வைக்க மாட்டோமே, மொதலாளி. பிசினை மொத்தமா ஊத்தாதீங்க. உள்ளுக்குள்ள சூடு ஏறி விண்டுரும், வெளிய தெரியாது” என்றார். உன் அப்பா, “இது படகு இல்லவே, எம்மவன் காரு” என்றார். அண்ணாச்சி சொன்னதற்காகத்தான் ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். வெளியே பார்க்க நெய் தடவியது மாதிரி வழவழவென்று இருக்கிறது. தட்டினால் நல்ல சத்தம்.

எனக்கு ஒரு சின்ன யோசனை இருந்தது. பிறகு விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் சுழற்றுகிறோம். ஞாயிறு உன் அப்பாவுக்குக் கோயில். திங்கள் வரை அவருக்குப் பொறுமை இல்லை. கிறிஸ்துமஸுக்குள் உனக்கு எண் வந்து சேர வேண்டும் என்கிறார்.

நாறும்பூநாதன்

*

வெலிங்பரோ
13 டிசம்பர் 1994

நாறும்பூநாதன்,

தந்தி ஐந்தாம் தேதி வந்தது. உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. அப்பா போன பிறகு, அப்பா சிரித்துக்கொண்டிருக்கும் கடிதம்.

என் பாஸ்போர்ட் விசா நீட்டிப்புக்காக அலுவலகத்தில் கிடக்கிறது. மூன்று நாள் வாசலில் நின்றேன். கொடுக்கவில்லை. சக்கரம் வெடித்ததையும் அடக்கம் முடிந்ததையும் அக்கா எப்சி தொலைபேசியில் சொன்னாள். அவள் அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

உன் கடிதத்தை முப்பது தடவை படித்தேன். ‘எட்டு நூல் கனமும்.’ கனம் என்று யார் சொன்னது? எட்டு நூல் என்றால் எட்டுச் சுற்று. ஒன்றின் மேல் ஒன்றாக எட்டே எட்டு. மொத்தமாகச் சேர்ந்தாலும் ஒரு நூல் கனம் வராது. நீ ஒரு அங்குலம் சுற்றியிருக்கிறாய். கனம் கூடினால் பலம் கூடும் என்று நினைத்தாயா? சுழல்கிற பொருளில் கனம்தான் எதிரி. வெளிப்பக்கத்துக் கனம் உள்பக்கத்தைப் பிய்த்து இழுக்கும். இது உனக்குத் தெரியாததா? பாலிடெக்னிக்கில் இதே பாடத்தில் என்னைவிட எட்டு மதிப்பெண் கூட வாங்கினவன் நீ.

அந்தப் படகுக்காரருக்குக்கூடத் தோன்றியிருக்கிறது. உனக்கு ‘ஒரு சின்ன யோசனை’ இருந்திருக்கிறது. கேட்கவில்லை. பாளை பஸ் நிலையத்தில் வெளிநாட்டுக்குப் பேசும் கடை இரண்டு இருக்கிறது.

யாரும் அருகில் போக வேண்டாம் என்று எழுதினேன். அறுபத்தேழு வயது மனிதரை எதற்கு உள்ளே நிற்க வைத்தாய்?

என் அப்பாவை நீ கொன்றுவிட்டாய். இதை வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

பாக்கியசீலன்

*

பாளையங்கோட்டை
9 ஜனவரி 1995

பாக்கியம்,

நீ எழுதியது சரி. நான்தான் தப்பாகப் படித்தேன். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பட்டறை பூட்டிக் கிடக்கிறது. போலீசார் இரண்டு தடவை வந்தார்கள். எப்சி அக்கா புகார் எதுவும் கொடுக்கவில்லை.

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னித்துவிடு.

நாறும்பூநாதன்

*

வெலிங்பரோ
2 ஜூலை 1995

நாறும்பு,

உன் ஜனவரிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அதன் கோணல் எழுத்தைப் பார்த்து, குற்றம் செய்த கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

சக்கரத்தை ஜனவரி நாலாம் தேதி கழற்றினார்கள். என்னைக் கழற்றவில்லை. அப்பா இறந்தது தெரிந்து பெல்லமி இரக்கப்பட்டார். வேறு வரைபட வேலை கொடுத்தார். ஜூனில் கார் பிரான்சுக்குப் போனது. நானும் போனேன். மழை. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் ஈயக் கட்டி வைத்து எடையைச் சரிக்கட்டியிருந்தார்கள். ஏழாவது மணியில் கார் நின்றுவிட்டது. பல் சக்கரப் பெட்டி பழுது. நான் வேலியோரம் நின்று மற்ற கார்கள் வளைவில் பிரேக் பிடிப்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டும் சிவந்து சிவந்து அணைந்தது. விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அக்காவிடமிருந்து ஒரு தபால் உறை காத்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த அப்பாவின் துணி மூட்டையை அவள் ஆறு மாதமாகப் பிரிக்காமல் வைத்திருந்திருக்கிறாள். போன மாதம்தான் பிரித்தாள். சட்டைப் பையில் என் நவம்பர்க் கடிதம் இருந்தது. நாலாக மடித்து, ஒரு மூலை கறுத்துப் போய். அதை அனுப்பியிருக்கிறாள்.

அப்பா அதில் பென்சிலால் குறித்திருக்கிறார். ‘இரும்புத் தகடு, நாலு நூல்’ என்ற இடத்துக்குப் பக்கத்தில், ‘½ அங்.’ அதற்கு மேல் வரியில், ‘கண்ணாடி நூல், எட்டு நூல்’ என்ற இடத்துக்குப் பக்கத்தில், ‘1 அங்.’ இரண்டுக்கும் ஒரு சரி அடையாளம்.

அடுத்தடுத்த வரி, நாறும்பு. தகட்டுக்கு நூல் என்று எழுதியபோது பட்டறைக் கணக்கில் எழுதினேன். எட்டு நூல் ஒரு அங்குலம் என்கிற கணக்கில். அதற்கு முந்தைய வரியில் நூல் என்று எழுதியபோது வெறும் இழையை நினைத்து எழுதினேன். ஒரே காகிதம், ஒரே சொல், இரண்டு பொருள். எழுதியவன் நான். வாழ்க்கை முழுக்க நூல் கணக்கில் பஸ் கட்டிய மனிதர் அதை வேறு எப்படிப் படிப்பார்?

‘ஃபைபர் எட்டுச் சுற்று’ என்று எழுதியிருந்தால் போதும். படகுக்காரருக்குக்கூடத் தெரிந்த சொல். எழுத வந்தது, நிறுத்தினேன். நம் பட்டறையில் புழங்காத சொல், உன்னிடம் ஒரு குட்டு வாங்க வேண்டுமே என்று சிரித்துக்கொண்டே நிறுத்தினேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நீ ஏன் ‘நான்தான் தப்பாகப் படித்தேன்’ என்று எழுதினாய்? அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுது. எதையும் மறைக்காதே. டிசம்பரில் நான் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கத் தகுதி இல்லை. அதனால் கேட்கவில்லை.

பாக்கியம்

*

பாளையங்கோட்டை
20 ஜூலை 1995

அன்புள்ள பாக்கியம்,

அந்தக் கடிதம் அவர் பையில் இருந்தது எனக்குத் தெரியும். துணியோடு எரித்திருப்பார்கள் என்று நினைத்தேன். எரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டதால் எழுதுகிறேன்.

உன் நவம்பர்க் கடிதம் வந்த அன்றைக்கு நான் படித்தேன். எட்டு நூல் என்ற இடத்தில் நின்றேன். “ஒரு இஞ்சா? ரொம்ப அதிகமாத் தெரியுதே” என்றேன். உன் அப்பா கடிதத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“நாலு நூல்னா அரை இஞ்சு, எட்டு நூல்னா ஒரு இஞ்சு. இதுல என்னலே சந்தேகம்?”

“இல்ல, பாளை பஸ் ஸ்டாண்டு போயி ஒரு போனு போட்டுக் கேட்டுருவோமே.”

“எதுக்கு? அவனுக்குப் பேச்சு வரும் முன்னாலயே நூல் கணக்கு வந்துட்டு. தொட்டில்ல கிடந்துட்டு எம் அளவுகோலைத்தான் கடிப்பான். அங்கன போயி பதினோரு வருசம் ஆயிட்டே, எல்லாம் மறந்திருப்பான்னு நான் நெனைச்சேன். பாரு, நூல்னு எழுதிருக்கான். இஞ்சுன்னு எழுதல, மில்லின்னு எழுதல.”

அவர் அதை மூன்று தடவை சொன்னார். நூல்னு எழுதிருக்கான். சேக் முகம்மது அண்ணாச்சியிடமும் சொன்னார். டீக்கடையில் போய்ச் சொன்னார். அதற்குப் பிறகு நான் எப்படிப் போன் போட்டுக் கேட்பேன்? கேட்டு, நீ ‘இல்லை, அது வேற நூல்’ என்று சொல்லியிருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவர் முகம் வாடும் என்பது மட்டும் தெரிந்தது. அதற்காகத்தான் கேட்கவில்லை. அதனால் ‘கேட்கவில்லை’ என்று உனக்கு எழுதியதில் பொய் இல்லை.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு ஆரம்பித்தோம். ஆயிரம் ஆயிரமாக ஏற்றினேன். அவர் என் பக்கத்தில், இருபது அடி தள்ளித்தான் நின்றார். நோட்டில் ஒவ்வொரு எண்ணையும் நேரத்தோடு எழுதினார். பதினோராயிரம் தாண்டியதும் தலையைச் சாய்த்துக் கேட்டார். “சத்தம் மாறுது லே” என்றார். எனக்குக் கேட்கவில்லை. மரத்தைத் தட்டியே உள்ளே பிளவு இருக்கிறதா என்று சொல்கிற காது அவருக்கு. கேட்பதற்காக ரெண்டு எட்டு முன்னால் போனார். நான் இடது கையால் சுவிட்சை அணைத்துவிட்டு, வலது கையால் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன்.

அணைத்தாலும் சக்கரம் உடனே நிற்காது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாங்கி வைத்ததைத் திருப்பிக் கொடுக்கத்தானே அதைச் செய்தோம்.

சக்கரம் சிதறி, உறையைக் கிழித்துக்கொண்டு வந்தது. எட்டுச் சுற்று மட்டும் இருந்திருந்தால் அந்தத் தகடு தாங்கியிருக்கும். நீ போட்ட கணக்கு சரிதான்.

ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது அவருக்கு நினைவு இருந்தது. “எத்தனை வந்துச்சு?” என்று கேட்டார். “பதினாலாயிரம். பத்து நிமிசம் நின்னுச்சு” என்றேன். “எழுதிப் போட்டுரு” என்றார். முருகன்குறிச்சி திரும்பும்போது போய்விட்டார். அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நோட்டு எழுதியவர் அவர்தானே. இருந்தாலும் சொன்னேன்.

உண்மையான எண் பதினோராயிரத்து இருநூறு. அவர் கையெழுத்தில் கடைசி வரி அதுதான். உன் முதலாளிக்கு இனி வேண்டியிருக்காது. உனக்கு எழுதிப் போடச் சொன்னதால் எழுதுகிறேன்.

லேத்தை ஏரல்காரர் ஒருவர் கொண்டு போய்விட்டார். நான் மைத்துனர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். எப்சி அக்கா ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து ஐந்து நிமிஷம் நிற்பார். ஒன்றை மட்டும் உனக்கு எழுத வேண்டாம் என்று நான்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி அதை மறைத்தும் பயனில்லை.

என் எழுத்து கோணலாக இருப்பது நடுக்கத்தால் இல்லை. இது இடது கை எழுத்து. உன் அப்பாவின் தோளில் இருந்த கையில் இப்போது கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்.

அதனால் இனி நீ இங்கிலீஷில் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் தாராளமாக எழுதலாம். குட்ட எனக்கு விரல் இல்லை.

நாறும்பூநாதன்